ஓஎன்டி ஆன்லைன், ஆனா பிபிபிஓஇ ஏறல. அவசரம்

ஸ்ப்ளிட்டர்88:
புது ஓஎன்டி (வீட்டுல மாட்டுற ஃபைபர் மோடம்) மாட்டியிருக்கேன். பான் லைட் (ஃபைபர் லிங்க் லைட்) பச்சையா நிக்குது, நம்ம ஆபீஸ் பக்கத்து மெஷின் ஓஎல்டியிலயும் ஆன்லைன்னுதான் காட்டுது. பிபிபிஓஇ (யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு நெட்டுக்கு டயல் பண்றது) மட்டும் ஏறவே மாட்டேங்குது. பழசை மாட்டினா உடனே நெட் வருது. கஸ்டமர் வீட்டுலதான் நிக்கிறேன், சீக்கிரம் சொல்லுங்க.

கேபிள்காரன்:
என்ன மாடல்? ரெண்டும் ஒரே கம்பெனியா? பழசு பிரிட்ஜா (சும்மா கடத்தி விடுறது), ரூட்டரா (தானே டயல் பண்றது)? ஃபைபர்ல வர்ற ஒளி பவர் எவ்வளவு?

நார்_நண்பன்:
பவர்தான் ப்ரோ. கனெக்டரை க்ளீன் பண்ணிட்டு மாட்டிப் பாருங்க.

ஸ்ப்ளிட்டர்88:
பவர் -21 டிபிஎம். பழசு ஒத்தை போர்ட், புதுசு வைஃபை மாடல், வேற கம்பெனி.

பான்_சீனியர்:
பி பிளஸ் ரக ஆப்டிக்ல பவர் -27 வரைக்கும் குறைஞ்சாலும் தாங்கும், கனெக்டரை விடுங்க. ஆன்லைன் ஆகுறது வேற, சர்வீஸ் இறங்குறது வேற. ஜெம் போர்ட் (ஃபைபர்ல டேட்டா போற பாதை), விலான் (ட்ராஃபிக்கைப் பிரிக்கிற எண்) எல்லாம் அதுக்கப்புறம் ஓஎம்சிஐ (ஓஎல்டி ஓஎன்டிக்கு செட்டிங் அனுப்புற முறை) வழியாத்தான் வரணும். இதுகூடத் தெரியாம ஃபீல்டுக்கு வந்துடுறாங்க. ஓஎம்சிஐ ஸ்டாண்டர்டு ஜி.988 படிச்சுட்டு வாங்க.

டிஎஸ்எல்_காலம்:
ஏசிஎஸ்ல (தூரத்துல இருந்தே மோடத்துக்கு செட்டிங் போடுற சர்வர்) இருந்து யூசர்நேம் இறங்கியிருக்காது. அது மோடத்தோட பேசுற டிஆர்-069 பாருங்க.

கேபிள்காரன்:
ஐபி வந்தாத்தானே டிஆர்-069 பேசும்? மேனேஜ்மென்ட்டுக்குத் தனி விலான் இருந்தா சரி. அப்படியே டிஆர்-069-க்கான 7547 போர்ட்டை வெளிய திறந்து வச்சிருந்தா மூடிடுங்க. 2016 நவம்பர்ல ஜெர்மனியில அந்த வழியா வந்த தாக்குதல்ல சுமார் 9 லட்சம் ரூட்டர் படுத்துச்சு.

டிஎஸ்எல்_காலம்:
மூடிட்டா ஏசிஎஸ் மோடத்தைக் கூப்பிடுற கனெக்ஷன் ரிக்வெஸ்ட் எப்படிப் போகும்? மோடம் தானா ஏசிஎஸ்ஸுக்கு அனுப்புற அடுத்த இன்ஃபார்ம் வர்ற வரைக்கும் கஸ்டமரைக் காக்க வைக்கிறதா?

கேபிள்காரன்:
ஏசிஎஸ் ஐபிக்கு மட்டும் திறங்க. மொத்த உலகத்துக்கும் எதுக்கு?

ஓஎல்டி_ராத்திரி:
விஷயத்துக்கு வாங்கப்பா. பழசு பிரிட்ஜ்னா டயல் பண்ணினது கஸ்டமரோட ரூட்டர். புதுசுல ஓஎன்டியே டயல் பண்ணுது. ஓஎல்டியில இருக்கிற உங்க ப்ரொஃபைல்ல விலானை ஈத் 1-க்குக் கட்டியிருப்பீங்க. ஓஎம்சிஐயில அது வெளிய தெரியற லேன் போர்ட். உள்ள இருக்கிற ரூட்டரோட ட்ராஃபிக் பெரும்பாலும் விஇஐபிங்கிற கண்ணுக்குத் தெரியாத உள் போர்ட் வழியா வரும். அதுக்கு விலானே கட்டலைன்னா டயல் பண்றது, லாகினை வாங்குற பிஎன்ஜிக்குப் போய்ச் சேராது. சந்தேகம்னா புதுசை பிரிட்ஜ்ல போட்டு, கஸ்டமர் ரூட்டரை லேன் 1-ல மாட்டி டயல் பண்ணுங்க. ஏறினா இதேதான்.

ஸ்ப்ளிட்டர்88:
பிரிட்ஜ்ல ஏறுச்சு. விஇஐபில விலான் போட்டதும் ரூட்டர் மோட்லயும் வந்துடுச்சு. நன்றிண்ணே.

நார்_நண்பன்:
எந்த ஓஎல்டி, என்ன கமாண்ட் போட்டீங்க? எனக்கும் இதே கேஸ் ஒண்ணு நிக்குது.

நார்_நண்பன்:
ப்ரோ?