பார்டர்லேண்ட்ஸ் 2: ரோலண்டோடு ரோபோ தப்பிவிட்டது, முதலிலிருந்து ஆட வேண்டுமா?

மதிய_தூக்கம்:
2012-இல் வந்த இந்தத் துப்பாக்கிச் சண்டை கேமை இப்போதுதான் ஆடுகிறேன், சிரிக்காதீர்கள். ஆக்ஸ்டன் கேரக்டர், முதல் சுற்று. 'எ டேம் ஃபைன் ரெஸ்க்யூ' மிஷனில் பிளட்ஷாட் கும்பலை வரிசையாகக் கொளுத்திக்கொண்டே கடைசிவரை வந்துவிட்டேன். அங்கே நாம் மீட்க வேண்டிய ரோலண்டைப் பிடித்து வைத்திருக்கும் வார்டன் ரோபோவிடம்தான் சிக்கல். மேகசின் மேகசினாகச் சுட்டும் அதன் உயிர்க்கோடு பாதிகூட இறங்கவில்லை. கடைசியில் ரோலண்டோடு காணாமல் போய்விட்டது. இப்போது 'ஃப்ரெண்ட்ஷிப் குலாக்' சிறைக்குப் போகச் சொல்கிறது. பழைய சேவ் கிடையாது. கதை கெட்டுவிட்டதா? கையில் இருப்பது மாலிவான் கம்பெனியின் நெருப்பு எஸ்எம்ஜி (சிறு இயந்திரத் துப்பாக்கி), இதுவரை அதை அடிக்க ஆளில்லை.

கடைசி_தோட்டா:
கெடவில்லை நண்பா, சேவை அழித்துவிடாதீர்கள். வார்டன் தப்பினால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்தேதான் மிஷனை எழுதியிருக்கிறார்கள். த டஸ்ட் என்ற மேப் வழியாக குலாக்குக்குப் போய் அங்கே உடையுங்கள், ரோலண்ட் கிடைப்பார், கதை அதே பாதைக்கு வந்துவிடும். முதல் இடத்திலேயே முடித்தவர்களில் பலர் அந்தச் சிறையைப் பார்த்ததே இல்லை. சிறைக்கு 'நட்பு' என்று பேர் வைப்பதெல்லாம் ஹைப்பீரியன் என்ற வில்லன் கம்பெனி ஆட்களால்தான் முடியும்.

ரெட்டைக்குழல்:
பிரச்சினை துப்பாக்கிதான். எதிரியின் தலைக்கு மேலே இருக்கும் கோட்டின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் சதை, நெருப்பு நன்றாகப் பிடிக்கும். நீலம் ஷீல்டு, அதற்கு மின்சாரம். மஞ்சள் என்றால் கவசம், அதாவது ரோபோ. அதற்கு அமிலம்தான். சதையில் செய்யும் வேலையில் பாதியைத்தான் நெருப்பு கவசத்தின் மேல் செய்யும். இந்த மிஷன் முழுக்க உங்கள் எதிரே நிற்பவர்களில் பெரும்பாலோர் சதை ஆட்கள், அதனால் நெருப்புத் துப்பாக்கி தெய்வம் மாதிரித் தெரியும். முடிவில் மட்டும் ரோபோவைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். புதிதாக ஆடுகிறவர்கள் எல்லாரும் மாட்டுகிற இடம் இது.

சாங்க்சுவரி ஊரில் மார்க்கஸின் துப்பாக்கி விற்கும் மெஷினில் பச்சை அமிலக்குறி போட்ட எதையாவது தேடுங்கள். இல்லையென்றால் மெனுவுக்குப் போய் சேவ் செய்து திரும்ப வாருங்கள், சரக்கு மாறியிருக்கும்.

கண்ணாடி_ஸ்கோப்:
அமிலம் கிடைக்காவிட்டாலும் குடி முழுகிவிடாது. வார்டனின் கண்தான் கிரிட்டிகல், அதாவது அடி அதிகமாக விழும் இடம். ஒரு நல்ல ஜேக்கப்ஸ் கம்பெனி ஸ்னைப்பரோடு தூணுக்குப் பின்னால் நின்று கண்ணையே குறிவையுங்கள். ஜேக்கப்ஸில் நெருப்பு, அமிலம் மாதிரி எலிமென்ட் எதுவும் வராது, ஆனால் அடி இடி மாதிரி இருக்கும். என்னைக் கேட்டால் எலிமென்ட் பைத்தியம் முதல் சுற்றுக்குத் தேவையே இல்லை.

ரெட்டைக்குழல்:
குறி தவறாத உங்களுக்குச் சரி அண்ணா. அவர் எஸ்எம்ஜி ஆள். கூட வரும் லோடர் ரோபோக்களையும் யோசியுங்கள்.

கடைசி_தோட்டா:
லோடர் என்றதும் நினைவு வந்தது. எல்லாவற்றையும் கொன்றுவிடாதீர்கள். ஒன்றிரண்டின் காலை மட்டும் சுட்டு உடைத்தால் தரையில் ஊர்ந்துகொண்டிருக்கும். நீங்கள் விழுந்து, சாகும் முன் கிடைக்கும் 'ஃபைட் ஃபார் யுவர் லைஃப்' நேரம் ஓடும்போது அதைச் சுட்டால் எழுந்துவிடலாம். இல்லையென்றால் நியூ-யூ ஸ்டேஷனில் மறுபடி பிறக்க வேண்டும், கையிருப்புப் பணத்தில் 7 சதவீதம் போய்விடும். அப்புறம் ஆக்ஸ்டனின் தானியங்கித் துப்பாக்கியான டரெட்டைப் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். நேரம் முடியும் முன்பே எடுத்தால் அடுத்த முறை சீக்கிரம் கிடைக்கும். உங்கள் லெவல் என்ன?

மதிய_தூக்கம்:
மிஷன் லெவலைவிட இரண்டு கம்மி.

ரெட்டைக்குழல்:
அதுவும் ஒரு காரணம். எதிரி லெவல் மேலே போகப்போக உங்கள் அடி குறைந்துகொண்டே போகும். சாங்க்சுவரி சைடு மிஷன்களை முடித்துவிட்டுப் போங்கள். திறனைக் கூட்டும் பேட்ஆஸ் டோக்கன்கள் செலவழிக்காமல் கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

மதிய_தூக்கம்:
டோக்கன் நிறையக் கிடந்தது, போட்டுவிட்டேன். அமில பிஸ்டல் ஒன்று வாங்கினேன். குலாக்கில் வார்டன் காலி, ரோலண்ட் வந்தாயிற்று, நன்றி. இன்னொன்று: சைடு மிஷனில் குட்டி ரோபோ கிளாப்டிராப் 1,39,377 பழுப்புக் கற்கள் கொண்டுவரச் சொல்கிறான். எந்த மேப்பில் கிடைக்கும்? அதை விட்டுவிட்டால் பின்னால் ஏதாவது பாதிக்குமா?

கண்ணாடி_ஸ்கோப்:
தம்பி, ஒரு கல்லும் எடுக்க வேண்டாம். மிஷனை வாங்கிக்கொண்டு அங்கேயே சுற்றிப் பாருங்கள், பெட்டி பக்கத்திலேயே இருக்கும். திறந்தால் மிஷன் முடிந்தது. பெட்டியை விட்டுவிடாதீர்கள், அதில் வைக்கும் துப்பாக்கியை உங்கள் இன்னொரு கேரக்டரும் எடுத்துக்கொள்ளலாம்.

கடைசி_தோட்டா:
சாங்க்சுவரியில் இருக்கும் தங்கப் பெட்டியை மட்டும் இப்போது தொடாதீர்கள். திறக்கும் நேரத்து லெவலுக்குத்தான் துப்பாக்கி தரும், இந்த லெவலில் திறந்தால் அதற்கான தங்கச் சாவி வீண்.