‘வாய்ப்பு’ என்ற சொல்லை எப்படி விளக்குகிறீர்கள்?

வணக்கம். யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு அளவையியலும் (தர்க்கம்) விஞ்ஞானமுறையும் படிப்பிக்கிறேன். மெய்யியல் படிப்பிப்பவர்களிடம் ஓர் உதவி வேண்டும்.

ஒரு வாதத்தின் எடுகூற்றுகள், அதாவது முடிவுக்கு ஆதாரமாக வைக்கும் கூற்றுகள், உண்மையாக இருந்தால் முடிவும் கட்டாயம் உண்மையாக வேண்டும் என்றால், அதை வாய்ப்பான வாதம் என்கிறோம். ஆனால் வீட்டிலும் சந்தையிலும் வாய்ப்பு என்றால் சந்தர்ப்பம், நடக்கக்கூடியது. அதனால் பிள்ளைகள் ‘முடிவு உண்மையாக இருக்கச் சாத்தியம் உண்டு’ என்றே எழுதுகிறார்கள். போன கிழமை கரும்பலகையில் இப்படி எழுதினேன்: எல்லா மீன்களும் பறக்கும், திருக்கை ஒரு மீன், ஆகவே திருக்கை பறக்கும். வாய்ப்பான வாதம்தான் என்றதும் ஒரு பிள்ளை, “ரீச்சர், திருக்கை எங்கே பறக்குது?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. வடிவம் வேறு, உண்மை வேறு என்று அரை மணித்தியாலம் விளக்கியும் அவள் முகம் தெளியவில்லை. அது எனக்கு இன்னும் மனதில் கிடக்கிறது.

தமிழ்நாட்டில் வாய்ப்பான வாதத்துக்கு என்ன சொல் பயன்படுத்துகிறீர்கள்? மட்டக்களப்பில், மலையகத்தில் படிப்பிப்பவர்கள் எந்த உதாரணத்தில் தொடங்குகிறீர்கள்? மணிமேகலையின் 29ஆம் காதையில் புகையைக் கொண்டு நெருப்பை அறியும் அனுமானம் வருகிறதே, அதை வகுப்பில் எடுத்துப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? பரீட்சைக்கு மனப்பாடம் செய்ய வைப்பது சுலபம், எனக்கு அது வேண்டாம். பழைய குறிப்புகள், கையெழுத்துப் பிரதி என்றாலும் படம் பிடித்து இங்கே போடுங்கள். அடுத்த சனிக்கிழமை வகுப்புக்கு முதல் கிடைத்தால் பெரிய உதவி.