முத்தூர்த் தோட்டத்துச் சொந்தங்கள்

*தம்பி (லண்டன்):* அம்முச்சி விழுந்ததைப் பக்கத்து வீட்டு டாக்டரிடம் சொன்னேன். இன்று இரவு வீடியோ காலில் பார்க்கிறேன் என்றார். அவருக்குத் தமிழ் தெரியாது. எப்படி விழுந்தாங்க, இப்போது எப்படி நடக்கிறாங்க என்று இங்கிலீஷில் எழுதித் தரணும். ஃபெல் டவுன் என்று எழுதினேன், போதாதாம்

*தாராபுரம் சித்தி:* வழுக்கி விழுந்தாங்க. வாசலைக் கழுவி அப்படியே விட்டால் வேறென்ன ஆகும்

*தோட்டத்து அத்தை:* வாசல் காய்ந்துதான் கிடந்ததுங்க

*கோபி பெரியம்மா:* காலையிலேயே வேண்டாம்

*பெருந்துறை மாமா:* சாமி, அவசரப்பட்டு அனுப்பிவிடாதே. விழுந்ததற்கு இங்கிலீஷில் பல சொல் உண்டு, ஒவ்வொன்றும் டாக்டரை ஒவ்வொரு பக்கம் கூட்டிப்போகும். ஈரத்தில் கால் சறுக்கினால் ஸ்லிப். கல்லோ படியோ தடுக்கினால் ட்ரிப். தடுமாறியும் விழாமல் சமாளித்தால் ஸ்டம்பிள். கண் இருட்டி நினைவு தப்பினால் ஃபெயின்ட், அப்படியென்றால் ரத்த அழுத்தம், இதயம் என்று தேடுவார். நடையும் அப்படித்தான். நாம் நட என்ற சொல்லை வைத்துக்கொண்டு தள்ளாடி, நொண்டி என்று முன்னால் ஒன்றைச் சேர்ப்போம். அவர்களுக்கு அந்த விதம் வினைக்குள்ளேயே இருக்கும். தள்ளாடினால் ஸ்டேகர், நொண்டினால் லிம்ப், காலைத் தூக்காமல் தரையோடு தேய்த்தால் ஷஃபில். வெறுமனே வாக் என்று எழுதினால் அவருக்கு ஒன்றும் விளங்காது. 34 வருடம் வகுப்பில் இதைத்தான் சொன்னேன்

*சின்ன மாமா:* 👍

*பொள்ளாச்சி அண்ணன்:* மாமா, தேங்காய் வியாபாரி வந்தாரா? என்ன விலை சொன்னார்

*சின்ன மாமா:* நாளைக்கு வருகிறாராம்

*கோபி பெரியம்மா:* டேய், அம்முச்சி விழுந்து கிடக்காங்க, உனக்குத் தேங்காயா

*பெருந்துறை மாமா:* கூட இருந்தது யார்? அவங்க சொல்லட்டும்

*தோட்டத்து அத்தை:* நான்தானுங்க. ஆசாரத்திலிருந்து உள்ளே வரும்போது வாசப்படிக்கு முன்னால் நின்னுட்டாங்க. உடம்பு முன்னால் சாய்ந்தது, கால் வரலை. "காலு ஒட்டிக்கிச்சு கண்ணு" என்றாங்க. ஓடிப் பிடிப்பதற்குள் விழுந்துட்டாங்க. மயக்கமெல்லாம் இல்லை. கீழே கிடந்துகொண்டே, பால் பொங்கப் போகுது, அடுப்பை அணை என்றாங்க

*பெருந்துறை மாமா:* இது எப்போதிருந்து?

*தோட்டத்து அத்தை:* பொங்கலுக்கு முன்னாலிருந்தே. திரும்பணும் என்றால் சின்னச் சின்ன அடியாக ஏழெட்டு வைத்துத்தான் திரும்புறாங்க. செருப்பைப் பாருங்க, இரண்டும் முன்பக்கம்தான் தேய்ந்திருக்கு
[படம்]

*தாராபுரம் சித்தி:* என்னிடம் யாரும் சொல்லவில்லையே

*தோட்டத்து அத்தை:* போனில் சொன்னேனுங்க. நீங்க சீர் விஷயம் பேசிட்டிருந்தீங்க

*பெருந்துறை மாமா:* கால் ஒட்டிக்கொண்ட மாதிரி நிற்பதற்கு ஃப்ரீஸ் என்று எழுது. வாசப்படி, திரும்பும் இடம், குறுகலான இடம், இங்கெல்லாம்தான் அது அதிகம் வரும். ஷஃபிலும் ஃப்ரீஸும் சேர்ந்திருந்தால் பார்க்கின்சனாக இருக்குமோ என்று பார்ப்பார்கள். நோயின் பெயரை நாமாக எழுத வேண்டாம். அத்தை பார்த்ததை அதே வரிசையில் எழுது. ஸ்லிப் என்று மட்டும் எழுதிவிடாதே, தேடவேண்டியதை விட்டுவிட்டு எலும்பை மட்டும் பார்ப்பார்கள்

*தம்பி (லண்டன்):* சரிங்க மாமா. இன்னொன்று, நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காருவதை வீடியோ எடுக்கச் சொன்னார். 12 விநாடி ஆனாலே விழும் பயம் உண்டாம்

*சின்ன மாமா:* எடுத்தாச்சு. 27 விநாடி

*கோபி பெரியம்மா:* ஐயோ. பக்கத்தில் ஆள் இருந்ததா

*தோட்டத்து அத்தை:* கூடவே நடந்தேன்

*பொள்ளாச்சி அண்ணன்:* கைத்தடி வாங்கி வரட்டுங்களா

*சின்ன மாமா:* நானென்ன கிழவியா என்கிறாங்க

*தாராபுரம் சித்தி:* ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூர் கூட்டிப் போகலாம்

*கோபி பெரியம்மா:* ஈரோடு பக்கம்தானே

*பெருந்துறை மாமா:* இரவு பேசிவிட்டு முடிவு செய்யலாம்

*தம்பி (லண்டன்):* நம்ம ஊர் நேரம் 9 மணி

*தாராபுரம் சித்தி:* நங்கை, சாயங்கால பஸ்ஸில் நானும் வரேன். வாசல் கழுவினதைச் சொன்னது மனசில் வைக்காதீங்க

*தோட்டத்து அத்தை:* வாங்க. சாப்பிட்டுட்டு வந்துடாதீங்க

*பொள்ளாச்சி அண்ணன்:* அப்போ கைத்தடி?

*சின்ன மாமா:* கேட்டுச் சொல்றேன்