ரயில் வரைபடத்தை எடுத்துவிட்டார்கள்: எதிர் அறிவிப்பு அனுப்பலாமா?

பிரிக்பீல்ட்ஸ்வாசி:
வணக்கம். கோலாலம்பூரின் எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், கேடிஎம் ஆகிய ரயில் பாதைகளை ஒரே தாளில் அடக்கி, நிலையப் பெயர்களைத் தமிழில் எழுதி ஒரு படம் செய்தேன். பாட்டிக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும், அவருக்காகத் தொடங்கியது. பிறகு இணையத்தில் ஏற்றினேன். கேட்டவர்களுக்கு அதையே குளிர்பெட்டியில் ஒட்டும் காந்தமாக்கி 5 வெள்ளிக்கு (ரிங்கிட்) விற்றேன். பதிப்புரிமை, வர்த்தக முத்திரை இரண்டையும் மீறியதாக நேற்று புகார் வந்தது. தளத்தார் படத்தை எடுத்துவிட்டார்கள். எந்த நிலையத்துக்கு அடுத்து எது என்பதற்குமா உரிமையாளர் இருக்கிறார்? எதிர் அறிவிப்பு அனுப்பினால் படம் திரும்புமா?

செந்தூல்தூரிகை:
உண்மையைச் சொல்லுங்கள். அதிகாரபூர்வப் படத்தை அடியில் வைத்து வரைந்தீர்களா? ரயில் நிறுவனத்தின் சின்னம் போட்டீர்களா?

பிரிக்பீல்ட்ஸ்வாசி:
இரண்டும்தான். சின்னம் இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று நினைத்தேன்.

கோப்புக்கட்டு:
தம்பி, அப்படியானால் எதிர் அறிவிப்பு வேண்டாம். தவறுதலாக நீக்கிவிட்டார்கள் என்று நீங்கள் உறுதி கூறுவதுதான் அது. அச்செடுத்ததுபோல் வரைந்துவிட்டு எதை உறுதி கூறுவீர்கள்?

பங்சாருக்கு அடுத்து கேஎல் சென்ட்ரல் என்பது வெறும் தகவல். அதை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனால் எந்த வளைவை எங்கே நிமிர்த்தினார்கள், பெயரை எந்தப் பக்கம் வைத்தார்கள் என்பது வரைந்தவரின் உழைப்பு. 1987 பதிப்புரிமைச் சட்டம் காப்பது அதைத்தான்.

சின்னம் தனி விஷயம். அது 2019 வர்த்தக முத்திரைச் சட்டத்தின் கீழ் வரும். விற்கும் பொருளில் அதைப் பொறித்தால், ரயில் நிறுவனமே வெளியிட்டது என்று வாங்குபவர் நம்பிவிடுவார். காந்த விற்பனையை இன்றே நிறுத்துங்கள்.

செந்தூல்தூரிகை:
2005இல் நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ ரயில் படங்களை ஐபாடுக்கு ஏற்றபடி கொடுத்த ஒருவருக்கும் இதுபோன்ற புகார்க் கடிதம் வந்தது. நீங்கள் முதல் ஆள் இல்லை. அரசின் திறந்த தரவுத் தளத்தில் நிலையங்களின் இருப்பிடங்கள் ஜிடிஎஃப்எஸ் (போக்குவரத்துத் தரவுக்கான பொது வடிவம்) கோப்பாகக் கிடைக்கின்றன. அதிலிருந்து வெற்றுத் தாளில் தொடங்குங்கள். தரவு எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள். ‘அதிகாரபூர்வப் படம் அல்ல’ என்பதைக் கண்ணில் படும்படி போடுங்கள். பழைய கோப்பைத் திறந்தே பார்க்காதீர்கள், கை தானாக அதே வளைவைப் போடும்.

பிரிக்பீல்ட்ஸ்வாசி:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். புதிதாக வரைந்துவிட்டேன், சின்னம் இல்லை, விற்பனையும் இல்லை. மஸ்ஜித் ஜாமெக்கில் கோடுகள் கூடும் இடத்துக்கு மட்டும் நான்கு இரவுகள் போயின. பாட்டியிடம் காட்டினேன். எழுத்து சிறியது என்கிறார். மறுபடி உட்கார வேண்டும்.