கேப்பர் மலையில் பார்த்தது கல்மரமா?

கத்திரி வெயிலுக்குப் பயந்து, ஞாயிறு காலை 6 மணிக்கே மகளோடு கடலூர் கேப்பர் மலை ஏறினேன். மழைநீர் அறுத்த செம்மண் பள்ளத்தில் முழங்கை நீளக் கல் ஒன்று கிடந்தது. விறகுக்கட்டை போலவே ரேகை, முனையில் வளையங்கள். கல்மரமோ (மண்ணில் புதைந்து கல்லாகிப்போன மரம்) என்று தோன்றியது. அதன்மேல் ஒரு விசிறித்தொண்டை ஓணான் தலையாட்டிக்கொண்டிருந்தது.

சுண்ணாம்புக்கல்லா என்று பார்க்க எலுமிச்சைச் சாறு விட்டேன், நுரைக்கவில்லை. கத்தியால் கீறினேன், கோடு விழவில்லை. காந்தமும் ஒட்டவில்லை. கல்மரங்களுக்குப் பேர்போன திருவக்கரையின் கல்மரப் படங்களோடு ஒப்பிட்டேன். இது அவற்றைவிடக் கரும்பழுப்பு. மணற்கல்லில் இரும்பு படிந்தாலும் இப்படி வளையம் வருமே, அங்கேதான் குழம்புகிறேன். மகளோ மரம்தான் என்கிறாள். கல்லை எடுக்காமல் அங்கேயே விட்டுவிட்டோம்.

4 படங்கள் இணைத்திருக்கிறேன். கல்மரமா, இரும்பேறிய மணற்கல்லா என்று எதை வைத்து உறுதிசெய்வது?