பொலன்னறுவை போய் வந்தபின் கையில் ஆறாத புண், யாருக்காவது இது என்னவென்று தெரியுமா?

செங்காங் மீனா:
வணக்கம். என் வீட்டுக்காரர் வேலை விஷயமாக இலங்கையில் பொலன்னறுவைப் பக்கம் சில மாதங்கள் இருந்துவிட்டு வந்தார். தங்கியது வயலோரம் ஒரு வாடகை வீடு, ஒட்டினாற்போல் மாட்டுக்கொட்டகை, இருட்டினால் எல்லாரும் திண்ணையில்தான் உட்கார்ந்திருப்பார்களாம். சிங்கப்பூர் திரும்பி வந்த பிறகு இடது முழங்கைக்குக் கீழே கொசு கடித்த மாதிரி ஒரு சிவப்புத் தடிப்பு. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை, அதனால் மனிதர் கண்டுகொள்ளவே இல்லை. இப்போது அது ஐம்பது காசு அளவுக்கு வந்து, நடுவில் குழி விழுந்து மேலே பொருக்குக் கட்டி, ஓரம் தடித்து நிற்கிறது. வீட்டுக்குக் கீழே இருக்கும் கிளினிக்கில் முதலில் ஆன்டிபயாட்டிக் களிம்பு, அப்புறம் படைக்குப் போடும் கிரீம். இரண்டிலும் ஒரு பிரயோஜனமும் இல்லை. எங்கேயாவது போய் வந்தீர்களா என்று அவர்களும் கேட்கவில்லை, இவரும் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, ஒட்டிக்கொள்ளுமோ என்று ஒரே கவலை.

வன்னி அண்ணா:
தங்கச்சி, பொலன்னறுவை என்றதுமே எனக்கு மணல் ஈதான் ஞாபகம் வந்தது. அது கடித்து வரும் தோல் நோய்க்கு லீஷ்மேனியாசிஸ் என்று பெயர். இலங்கையிலேயே தொற்றிய முதல் நோயாளியைப் பற்றி 1992இல் எழுதினார்கள், பிறகு அம்பாந்தோட்டை, மாத்தறை, அனுராதபுரம், பொலன்னறுவை என்று நிறைய இடங்களில் கண்டுபிடித்து, 2008 முதல் டாக்டர்மார் கட்டாயம் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக்கிவிட்டார்கள். காட்டுப் பக்கம் காவலுக்கு நின்ற ராணுவக்காரருக்கு நிறைய வந்தது.

இந்த மணல் ஈ கொசுவில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும், காதருகே வந்தாலும் சத்தம் கேட்காது, சாதாரணக் கொசுவலையின் கண்ணுக்குள் சுலபமாகப் புகுந்துவிடும். கொசு மாதிரி தண்ணீரில் முட்டை போடாது, ஈர மண், சாணம், மக்கிய குப்பை, இதெல்லாம்தான் அதற்கு வேண்டும். பகலில் சுவர் வெடிப்பிலும் புற்றிலும் ஒளிந்திருந்து அந்தி சாய்ந்ததும் கிளம்பும். நீங்கள் எழுதிய திண்ணையும் மாட்டுக்கொட்டகையும் அப்படியே பொருந்துகிறது. ஆனாலும் டெஸ்ட் எடுக்காமல் யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

ஈசூன் குமார்:
பிந்தான் கடற்கரையில் வெறுங்காலோடு திரிந்துவிட்டு வந்த என் நண்பனுக்குப் பாதத்தில் புழு ஏறியது, நாய் பூனையின் கொக்கிப்புழுவாம், மாத்திரையிலேயே போய்விட்டது. அதுவாக இருக்குமோ? அதுவரை வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசிப் பாருங்களேன் அக்கா.

லேப் அக்கா:
குமார் தம்பி, கொக்கிப்புழு என்றால் தோலுக்கடியில் சிவப்புக் கோடு நெளிந்து நெளிந்து நாளுக்கு நாள் இடம் மாறும், ராத்திரி தூங்கவிடாத அரிப்பு இருக்கும். இவருக்குப் புண் ஒரே இடத்தில் இருக்கிறது, அரிப்பே இல்லை. மஞ்சளும் வேண்டாம், வேப்பிலையும் வேண்டாம், திறந்த புண்ணில் வேறு கிருமி சேர்ந்தால் அதற்குத் தனியாக ஓட வேண்டும்.

மீனா, நான் டாக்டர் இல்லை, பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறவள். இதற்குப் பொருக்கை எடுத்துப் பார்த்துப் பயனில்லை, தடித்த ஓரத்தில் சுரண்டியோ சின்னத் துண்டு வெட்டியோ எடுத்து ஜீம்சா சாயம் போட்டுப் பார்ப்பார்கள். லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணி இருந்தால் வெள்ளணுவுக்குள் முட்டை வடிவத்தில் குட்டிக் குட்டியாக அடைந்து கிடக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு உருண்டைப் புள்ளி, பக்கத்திலேயே சின்னக் குச்சி. அந்தக் குச்சி தெரிந்தால்தான் லீஷ்மேனியா. எந்த இனம் என்று அறிய பிசிஆர், அதாவது மரபணுச் சோதனை. தோல் காசநோய், ஆழமான பூஞ்சை, ஏன், புற்றுநோய்கூட இப்படி வரலாம், அதனால் டெஸ்ட்டைத் தவிர்க்கவே கூடாது.

இலங்கையில் இருப்பது லீஷ்மேனியா டோனோவானி. பீகாரில் மண்ணீரலையும் கல்லீரலையும் பிடிக்கும் காலா அசாருக்கும் இதே இனம்தான் காரணம், இலங்கையில் மட்டும் பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகிறது. (அந்தப் பெயருக்குரிய சார்லஸ் டோனோவன் 1903இல் இதைப் பார்த்தது நம்ம மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரி ஜி.எச்.சில்!) ஆனால் விடாத காய்ச்சல், உடல் மெலிவு, இடது விலாவுக்குக் கீழே வீக்கம், இதில் எது வந்தாலும் காத்திருக்காமல் ஓடுங்கள்.

குழந்தைக்குத் தொட்டால் ஒட்டாது, நடுவில் ஈ வேண்டும். சிகிச்சை பெரும்பாலும் புண்ணுக்குள்ளேயே ஆன்டிமனி ஊசி, அல்லது திரவ நைட்ரஜனால் உறைய வைப்பது. வாரக்கணக்கில் ஆகும், தழும்பும் இருக்கும். அரசு பாலிகிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு மண்டலே ரோட்டில் இருக்கும் நேஷனல் ஸ்கின் சென்டருக்குப் போனால் மானியக் கட்டணத்தில் பார்க்கலாம். உட்கார்ந்ததும் பொலன்னறுவையைச் சொல்லிவிடச் சொல்லுங்கள். இங்கே டாக்டர்கள் இதை எப்போதாவதுதான் பார்ப்பார்கள், ஊர்ப் பெயர் காதில் விழாவிட்டால் இந்தப் பக்கம் யோசனையே போகாது.

செங்காங் மீனா:
ரொம்ப நன்றி, அப்பாயின்ட்மென்ட் போட்டாச்சு. ஒன்று கேட்கணும். அவரோடு தங்கியிருந்த ஒருத்தருக்கும் காதோரம் இதே மாதிரி இருக்கிறதாம், இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறார். பரு என்று விட்டுவிட்டாராம்.

வன்னி அண்ணா:
அவரையும் தோல் டாக்டரிடம் அனுப்புங்கள், கையோடு இவருடைய ரிசல்ட்டையும் வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். முகத்துப் பக்கம் என்றால் தள்ளிப்போட வேண்டாம், பெரிதாகப் பெரிதாகத் தழும்பும் பெரிதாக நிற்கும். ஸ்டீராய்டு கிரீம் எதுவும் தடவிக்கொண்டிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லட்டும்.