உதவி: 39 ஜிபி காலி, ஆனாலும் டெஸ்ட் விழுது

கோத்தகிரி_கூடு:
திங்கள்லேர்ந்து ஜென்கின்ஸ்ல (தானா பில்ட் பண்ணி டெஸ்ட் ஓட்டுற சர்வர்) டெஸ்ட் தாறுமாறா விழுது. ஒவ்வொரு தடவையும் வேற வேற டெஸ்ட். தனியா ஓட்டினா பாஸ். கோடு மாத்தவே இல்ல. நாளைக்கு ரிலீஸ், யாராவது சீக்கிரம்.

குன்னூர்க்காரன்:
என்ன எரர்? என்ன ஓஎஸ்? கன்டெய்னருக்குள்ளயா, வெளியவா? ஜோசியமா பார்க்கிறது?

மஞ்சூர்_மழை:
ஹார்ட்வேர்தான். இந்த மாச மழையில எஸ்எஸ்டி கனெக்டர்ல ஈரம் ஏறும். டிமெசேஜ்ல கெர்னல் லாக் பாருங்க.

கோத்தகிரி_கூடு:
உபுண்டு. கன்டெய்னர் இல்ல. எரர் ஈநோஸ்பிசி, அதாவது 'இடம் இல்ல'. ஆனா டிஎஃப் -ஹெச் 100 ஜிபியில 39 காலின்னு காட்டுது.

பழைய_அட்மின்:
இதை முதல்லயே எழுத என்ன கேடு? பாலபாடம் தம்பி. ஈஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டம் ரூட் யூசருக்குன்னு டிஸ்க்ல 5 சதவீதம் ஒதுக்கி வைக்கும். டியூன்2எஃப்எஸ் -எம் 1 போடுங்க, தீர்ந்தது.

குன்னூர்க்காரன்:
தீராது சார். டிஎஃப்ல 'அவெய்ல்' கட்டம் அந்த ஒதுக்கீட்டைக் கழிச்சுட்டுத்தான் காட்டும்.

லவ்டேல்_லினக்ஸ்:
அழிச்ச லாக் ஃபைலை ஏதாவது ப்ராசஸ் பிடிச்சிட்டிருக்கும். எல்எஸ்ஓஎஃப் +எல்1 போட்டா தெரியும்.

குன்னூர்க்காரன்:
அப்படின்னா டிஎஃப்லயே நிறைஞ்சுதான் தெரியும், ஃபைல்களைக் கூட்டிப் பார்க்கிற டியூதான் குறைவாக் காட்டும். இங்க டிஎஃப்பே காலிங்குது. கூடு, எரர் வரியில ஈநோஸ்பிசிக்குப் பக்கத்துல 'வாட்ச்'னு இருக்கா, 'ஓபன்', 'எம்கேடிர்'னு இருக்கா? வாட்ச்னா ஐநோட்டிஃபை லிமிட் (ஃபைல் மாறுதான்னு கண்காணிக்கிறதுக்கான உச்ச வரம்பு), டிஸ்க்குக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. மத்ததுன்னா டிஎஃப் -ஐ போட்டு அனுப்புங்க.

கோத்தகிரி_கூடு:
எம்கேடிர். ஐயூஸ் 100%.

குன்னூர்க்காரன்:
அதேதான், ஐநோட் தீர்ந்துபோச்சு. ஐநோட்னா ஒவ்வொரு ஃபைலுக்கும் ஃபோல்டருக்கும் டிஸ்க்ல ஒண்ணு வேண்டிய பதிவு. ஈஎக்ஸ்டி4 ஃபார்மட் பண்றப்போ 16 கேபிக்கு ஒண்ணுன்னு கணக்குப் போட்டு வைக்கும். 100 ஜிபிக்குச் சுமார் 65 லட்சம். நோட்மாட்யூல்ஸ் (ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ் ஃபோல்டர்) மாதிரி பொடிப்பொடி ஃபைலா சேர்ந்தா இடம் தீர்றதுக்கு முன்னாடி ஐநோட் தீரும். ஒரு டெஸ்ட் முடிஞ்சு தன் டெம்ப் ஃபைலை அழிச்சா நாலஞ்சு ஐநோட் கிடைக்கும், எது முந்துதோ அது பாஸ். அதான் தினம் வேற டெஸ்ட் விழுது, தனியா ஓட்டினா ஓடுது.

குற்றவாளியைப் பிடிக்க: சூடோ டியூ --ஐநோட்ஸ் -எக்ஸ் / | சார்ட் -என் | டெயில் -20. மல்ட்டிபிராஞ்ச்னா ஒவ்வொரு பிராஞ்சுக்கும் ஒரு வொர்க்ஸ்பேஸ் ஃபோல்டர் கிடக்கும், மெர்ஜ் ஆனதை எல்லாம் அழிங்க. லட்சக்கணக்கான ஃபைல், ஆர்எம் நேரமெடுக்கும், நடுவுல நிறுத்தாதீங்க. அப்புறம் பைப்லைன் கடைசியில க்ளீன்டபிள்யூஎஸ் போடுங்க, வொர்க்ஸ்பேஸை அதுவே துடைச்சிடும். முதல் ஸ்டேஜ்லயே ஐயூஸ் 90 தாண்டினா ஓடாம நிறுத்தச் சொல்லுங்க.

பேக்கேஜ் போட பிஎன்பிஎம்முக்கு மாறினா இன்னும் நல்லது. ஒரே பார்ட்டிஷன்ல ஸ்டோர் இருந்தா ஹார்ட்லிங்க்தான் போடும், அதாவது அதே ஃபைலுக்கு இன்னொரு பேர், ஃபைலுக்குப் புது ஐநோட் செலவாகாது.

பழைய_அட்மின்:
ஈஎக்ஸ்டி4க்குப் பதிலா எக்ஸ்எஃப்எஸ் போட்டிருந்தா இந்தத் தொல்லையே இல்ல. ஐநோட்டைத் தேவைக்கு உண்டாக்கிக்கும்.

லவ்டேல்_லினக்ஸ்:
எக்ஸ்எஃப்எஸ்ஸைப் பெருசாக்கலாம், சுருக்க முடியாது. ஓட்டுற மெஷினை நாளைக்கு ரிலீஸ் வெச்சுக்கிட்டு ஃபார்மட் பண்ணச் சொல்றீங்களா?

பழைய_அட்மின்:
இன்னிக்கே பண்ணச் சொன்னேனா?

மஞ்சூர்_மழை:
ஈரத்தையும் பாருங்கப்பா, ஆடி மழை.

குன்னூர்க்காரன்:
ஆடி மழை உங்க பக்கம். கோத்தகிரிக்கு ஐப்பசிதான்.

கோத்தகிரி_கூடு:
ஐயூஸ் 31%. எல்லாம் பச்சை. நன்றிண்ணா.

லவ்டேல்_லினக்ஸ்:
எந்த ஃபோல்டர்னு சொல்லிட்டுப் போங்க, அடுத்தவருக்கு உதவும்.

லவ்டேல்_லினக்ஸ்:
கூடு?